எமது முதற்பாட்டு

ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியன் ஒருவனை நாணித் தலைகுனியச் செய்ய வேண்டுமாயின், பெரிய குற்றம் எதையும் துருவித் தேட வேண்டியதில்லை. பதினேழாம் வயதில் அவன் கட்டிய பாட்டொன்றைக் கண்டெடுத்து மாணவர் நடுவே உரக்கப் பாடினால் போதும். எமக்கும் அப்படியொரு பாட்டு உண்டு. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அதனை மறைத்து வைத்திருந்தோம். இப்போது நாமே வெளியில் எடுத்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னர் வரும்.

1986ஆம் ஆண்டு தக்கலைக்கு அணித்தான எமது ஊரில் மீலாது விழாவுக்கெனச் சில பாட்டுகள் எழுதினோம். பாடியவர் எம் நண்பர். தையற்கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். நாகூர் ஹனீபாவின் எடுப்பான குரலைப் போலி செய்யாத இளைஞர் அந்நாளில் எம் பகுதியில் அரிது. எம் நண்பருக்கோ அந்த எடுப்பு இயல்பாகவே அமைந்திருந்தது. மெட்டுகள் எம்முடையவை அல்ல. இந்தித் திரைப்பாடல்களிலிருந்து கேளாமல் எடுத்துக்கொண்டவை. தாளத்துக்கு ஒரு தஃபும், நெய்ச்சோற்றுச் செம்பின் மூடியும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவரின் டேப்ரிக்கார்டரில், இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். அறுபது நிமிட நாடா. பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு பக்கத்தில் ஆறு பாட்டுகள் அடங்கின. நாம் முதன்முதலாக எழுதிய பாட்டு கடைசியில் நின்றது. அதன் மெட்டு படியாமல் நெடுநேரம் தொல்லை கொடுத்ததே காரணம்.

பதிந்து முடிந்ததும், வேறெவரும் அதன்மேல் எதையும் பதிந்துவிடக் கூடாதென்று, நாடாப்பெட்டியின் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பேனாக்கத்தியால் நாமே உடைத்தெடுத்தோம். வாசக அன்பர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டின் குற்றத்துக்கு வருவோம். அதில் ‘கல்பு’ என்னும் சொல் பதினோரிடங்களில் வருகிறது. இதயம் என்னும் பொருளில் எழுதினோம். இதயத்தைக் குறிக்கும் அரபுச்சொல் அடிநாவில் பிறக்கும் காஃபைக் கொண்டு தொடங்குவது. அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃபைக் கொண்டு தொடங்கினால் அச்சொல் நாயைக் குறிக்கும். தமிழெழுத்தில் இரண்டுக்கும் ஒரே ககரந்தான். குர்ஆன் ஓதுகையில் திருத்தமாக வரும் காஃப், தமிழ்ப்பாட்டுக்குள் புகுந்ததும் நாவின் முன்பக்கம் நழுவிவிட்டது. அப்படி நழுவினால் பொருள் மாறும் என்பதை எழுதிய நாமும் அறியோம். பாடிய நண்பரும் அறியார். இதயம் உருகுவதாகவும், ஏங்குவதாகவும், இரவெல்லாம் விழித்திருப்பதாகவும் நாம் எழுதிய இடங்களிலெல்லாம் நாய் உருகிற்று, நாய் ஏங்கிற்று. விழித்திருந்தது என்ற இடத்தில் மட்டும் பொருட்குற்றம் இல்லை.

எம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. தமிழையே அரபெழுத்தால் எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகள் செய்துகொண்டார்கள். ஆகவே அரபுச்சொல் தன் காஃபோடேயே வந்து அமர்ந்தது. அந்த எழுத்தை நாம் கைநழுவ விட்டது தனிக்கட்டுரைக்குரிய பொருள்.

1987இல் அரபுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தோம். எழுத்துகள் பிறக்கும் இடங்களை உஸ்தாத் ஒவ்வொன்றாக விளக்கிய நாளில், இவ்விரு சொற்களையும் உதாரணமாகக் கரும்பலகையில் எழுதினார்கள். வகுப்பு சிரித்தது. எமக்கு உடல் முழுதும் வியர்த்தது. அன்றிரவே அந்த நாடாவை ஒழித்துவிட வேண்டும் என்னும் எண்ணம் உள்ளத்தில் ஊன்றிற்று. பிற்காலத்தில் யாப்பிலக்கணம் பயின்றபோது சீரும் தளையும் சிதைந்து கிடப்பதும் தெரிந்தது. அது பரவாயில்லை, காஃபுக்கு முன் அது சிறு குற்றம்.

பிறந்த மண்ணும் நாணத்தைப் பெருக்கிற்று. எமது தக்கலையில் ரஜப் பதினான்காம் இரவில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப் புகழ்ச்சியை இரவெல்லாம் கூடியிருந்து பாடுவார்கள். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு வினாக்களுக்கு ஒருங்கே செவிகொடுத்துச் சதாவதானி ஆனார். அத்தகையோர் நடந்த மண்ணில், நெய்ச்சோற்றுச் செம்பின் மூடியைத் தட்டிக்கொண்டு நாய் உருகிற்று என்று பாடிவைத்தோமே!

நாடாவுக்கு மூன்று படிகள் இருந்தன. இரண்டை இரவலாகக் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை. நாடாவை உருவி அடுப்பிலிட்டோம். மூன்றாவதை 1989இல் நண்பர் வளைகுடாவுக்கு எடுத்துச் சென்றார். மூலநாடா எம்மிடம் எஞ்சிற்று. 1994இல் சனது பெற்று ஊர் திரும்பி ஓதிக்கொடுக்கத் தொடங்கினோம். வீட்டிலிருந்தே பயிலும் மாணவியருக்காக ஸர்ஃப் இலக்கணப் பாடங்களை நாடாவில் பதிந்து கொடுப்பது வழக்கம். வெற்று நாடாக்கள் அலமாரியில் இருந்தன. இருந்தும் அந்தப் பழைய நாடாவைத்தான் எடுத்தோம். எட்டாண்டுக்கு முன் நாமே உடைத்த தகட்டின் துளைமேல் ஒட்டுத்தாளை ஒட்டினோம். பதிவுப் பொத்தானை அழுத்தினோம். அக்கருவியில், பதியும் முனைக்கு முன்னதாக அழிக்கும் முனை ஒன்று உண்டு. நாடா முதலில் அதனைக் கடந்த பின்னரே புதிய ஒலியை ஏற்கும். வினைச்சொல்லின் பதினான்கு வடிவங்களை நாம் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, நண்பரின் குரல் அங்குலம் அங்குலமாக அழிந்துகொண்டிருந்தது.

1996இல் நண்பர் விடுமுறையில் வந்தார். தம்மிடமிருந்த நாடா காரின் வெப்பத்தில் உருகி வளைந்துவிட்டதென்றும், எம்மிடமுள்ளதைப் படியெடுத்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். கருவியில் சிக்கி அறுந்துபோயிற்று என்றோம். ஓதிக்கொடுக்கிற வாயால் சொன்ன சொல் அது. அவர் வருந்தினார்; ஆயினும் பேச்சை மாற்றி எம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். 2009இல் அவர் அங்கேயே வஃபாத்தாகி, அங்கேயே அடக்கமானார். அவருடைய குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

இளமையில் எழுதியதை எண்ணி நாணியவர்களைப் பற்றி இந்த ஆண்டுகளில் நிறையப் படித்தோம். ஆறுதல் தேடியே படித்தோம். உருதுக் கவிஞர் காலிப், 1841இல் டில்லியில் அச்சான தமது திவானில், இளமைக்காலப் பாக்களில் பெரும்பகுதியைச் சேர்க்காமல் கழித்துவிட்டார். 1821இல் எழுதப்பட்ட ஏடொன்று போபாலில் கிடைத்து, 1921இல் அச்சேறிற்று. அவர் கழித்த ஈரடிகளில் சிலவற்றை மனப்பாடமாகச் சொல்லி மகிழ்வோர் இன்று உண்டு. ஜெர்மானிய இசைவாணர் பிராம்ஸ் தம் இளமை ஆக்கங்கள் பலவற்றை அழித்தவர். 1854இல் வெளிவந்த ஓர் இசையாக்கத்தை மட்டும், எமது வயதையொத்த ஐம்பத்தாறாம் வயதில், 1889இல் திருத்தி எழுதினார். பழையதையும் இருக்க விட்டார். இரண்டையும் இன்றும் வாசிக்கிறார்கள்.

எம் நெஞ்சைத் தைத்தது கஅபு பின் ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாறு. அவர் தந்தையார் ஸுஹைர், ஒரு பாட்டைச் செப்பஞ்செய்ய ஓராண்டு எடுத்துக்கொண்டவர் என்று போற்றப்படுபவர். மகனோ அவசரத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையே பழித்துப் பாடினார். பின்னர் மனந்திருந்தி மதீனா வந்து, ‘பானத் சுஆத்’ கஸீதாவைப் பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. எம் மாணவருக்கு இதனைப் பன்முறை சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு: இப்னு ஹிஷாமின் சீறாவில் அந்தப் பழைய பாட்டும் அப்படியே இருக்கிறது, புகழ்ப்பாட்டுக்கு முன்னதாகவே இருக்கிறது. அவரினும் எமக்கு நாணம் கூடுதலோ?

காலிபும் பிராம்ஸும் கழித்தவை அவர்களுடைய சொந்தப் பொருள்கள். எமது நாடாவில் சொல் மட்டுமே எம்முடையது. குரல் எம்முடையதன்று. இதனை உணர எமக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

சென்ற ஷஃபானில் நண்பரின் மகள் வீட்டுக்கு வந்தாள். உள்ளூரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவளுடைய சிறுவன் எம் மக்தபில் ஓதுகிறான்.

“மாமா, வாப்பா பாடின கேசட்டு ஒங்ககிட்ட இருக்கும்னு உம்மா சொன்னாவ. இவனுக்கு ஒரு தடவ கேக்க வச்சாப் போதும்.”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “தேடிப் பாக்கேன் மக்களே” என்றோம்.

நாடா கிடைத்தது. டேப்ரிக்கார்டரின் ரப்பர்ப் பட்டை பிசினாக உருகியிருந்தது. நாகர்கோவிலில் ஒருவரைப் பிடித்து மாற்றினோம். அவ்விரவு தனியே அமர்ந்து கேட்டோம். இருபத்தைந்து வயது மௌலவி ஒருவரின் விறைத்த குரல் இருபத்தாறு நிமிடம் பாடம் நடத்திற்று. கடைசி வடிவமான ‘ஃபஅல்னா’வைச் சொல்லி, “நாங்கள் செய்தோம்” என்று பொருளும் சொல்லி முடித்தது. ‘டக்’ என்றோர் ஒலி. அடுத்த கணம், ஒரு சொல்லின் பாதியிலிருந்து நண்பர் பாடிக்கொண்டிருந்தார். பாடம் முன்னரே முடிந்துவிட்டதால் அழிக்கும் முனை அந்த இறுதிப் பகுதியைத் தீண்டவில்லை. நாம் முதலில் எழுதிய பாட்டு. நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கல்பு நான்கிடங்களில் வந்தது.

கணினி பழகிய எம் மருமகன், வேண்டாத இடங்களை வெட்டிவிடலாம் என்றான். ஒரு நாள் முழுதும் அதற்கு உடன்படவே எண்ணியிருந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

மறுநாள் அவளை வரச்சொல்லி, 1994இல் செய்ததையும் 1996இல் சொன்னதையும் சொன்னோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப முந்தின இருபத்தாறு நிமிசமும் போச்சா மாமா?” என்று கேட்டாள்.

“போச்சு மக்களே.”

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மருமகன் நாடாவைக் கணினியில் படியெடுத்து, எதையும் வெட்டாமல் கொடுத்தான். பாடத்தின் கடைசி வரியையும் அந்த ‘டக்’ ஒலியையும்கூட அவள் விட்டுவிடச் சொன்னாள். முதன்முறை கேட்டபோது அழுதாள். இரண்டாம் முறை சிறுவன் தொடையில் தாளம் போட்டான். மூன்றாம் முறை பாட்டனாரோடு சேர்ந்து பாடினான். எடுப்பு அப்படியே இருந்தது. கல்பு வந்தது. அவரைப் போலவே நாவின் முன்பக்கத்துக் காஃபில் பாடினான். திருத்துவதற்கு வாயெடுத்தோம். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். காலையில் மக்தபுக்குத்தானே வரப்போகிறான் என்று இருந்துவிட்டோம்.