தேதி தள்ளிப்போனால் முதல் போன் யாருக்கு?

தம்பி, கல்யாணத் தேதியை மாற்றுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மண்டபத்தில் புக்கிங் நோட்டைப் பல வருடம் வைத்திருந்தவன் நான். அடித்துத் திருத்தாத பக்கம் அந்த நோட்டில் குறைவு. மாப்பிள்ளைக்குக் கப்பலில் லீவு கிடைக்காது. பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கும். பெரியப்பா போய்விட்டார் என்று நள்ளிரவில் செய்தி வரும். ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல். இதற்கெல்லாம் யாரும் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. தேதி மாறிய சேதியை யாரிடம் முதலில் சொன்னார்கள் என்று பார்ப்பேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையிருக்காது.

பெரும்பாலானோர் கோபக்காரர்கள் வரிசையில்தான் சொல்வார்கள். முதலில் சம்பந்தி, அப்புறம் வசதியான மாமா, அப்புறம் ஆபீஸ் மேலதிகாரி. சமையல் மாஸ்டரும் பூக்காரரும் கடைசி. “அவங்க மண்டபத்துல கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க” என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. என் வரிசை வேறு. அந்த நாளை உனக்கென்று ஒதுக்கிவிட்டு, வந்த வேறு வேலையை வேண்டாம் என்றவர் யாரோ, அவருக்குத்தான் முதல் போன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் மார்கழியிலும் அநேகம் பேர் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் கிராக்கி. நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்தச் சில நாட்களில்தான் வர வேண்டும். வைகாசி முகூர்த்தம் ஒன்றில் உன் பெயரை எழுதிவைத்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து வந்த அழைப்பை விட்டிருப்பார். நாலு நாள் இருக்கும்போது ‘தள்ளிப்போச்சு’ என்றால் அந்த முகூர்த்தம் அவருக்குப் போனதுதான். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் வேறு பந்தலில் வாசித்திருப்பார்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றால் அன்று காலையில் சொன்னால்கூடப் போதும். டோக்கனோடு வெளியே உட்கார்ந்திருப்பவர் உள்ளே போய்விடுவார். நீ காலி செய்யும் இடத்தை எதிராளி நிரப்ப எத்தனை நாள் பிடிக்கும் என்று யோசித்துப் பார். எப்போது சொல்ல வேண்டும் என்பது தானே விளங்கும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் அதிகம் சத்தம் கேட்பது இதற்குத்தான். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு வக்கீல் சொன்ன கதை. லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா என்று ஏற்பாடு. இரண்டு நாள் முன்னால் ராஜாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். விழா ஆகஸ்ட் 9-க்குப் போய்விட்டது. ஊர்வலம் பார்ப்பதற்காக பால் மால் தெருவில் ஒருவர் 75 பவுண்டு வாடகை பேசி, 25 பவுண்டு அட்வான்ஸும் கொடுத்து வீடு பிடித்திருந்தார். வீட்டுக்காரர் மிச்சம் 50 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். எதைப் பார்க்க வீடு எடுத்தாரோ அதுவே நடக்கவில்லை, மிச்சத்தைத் தர வேண்டியதில்லை என்று 1903-இல் தீர்ப்பு. அந்த 25 பவுண்டை முதலில் திருப்பிக் கேட்ட குடித்தனக்காரரும் பிறகு விட்டுவிட்டாராம். நம் ஒப்பந்தச் சட்டம் அதைவிடப் பழையது, 1872. செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்பது 56-ஆம் பிரிவு. செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஹால் பிடிக்காமல் தேதி மாறினால் அது ‘முடியாமல் போனது’ ஆகாது. சட்டம் எப்படியிருந்தாலும் மண்டபக்காரரிடம் நன்றாகப் பேரம் பேசு. மாலை கட்டுகிறவரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதே.

2020-இல் ஊரடங்கு மார்ச் 25-ஆம் தேதி தொடங்கியது. நடுப் பங்குனி. முதலில் 21 நாள் என்றார்கள், பிறகு மே 3, பிறகு 17, பிறகு 31. ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டுப் புதுத் தேதி குறித்தவர்கள் மறுபடி மறுபடி எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை சொல்லும்போது கேட்பவர் நம்புவதில்லை. “இப்போதைக்குத் தேதி இல்லை, முடிவானதும் முதலில் உங்களுக்குச் சொல்கிறோம்” என்று நிறுத்திக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சொல்லை நம்பி ஒருவர் நாளைப் பிடித்து வைத்திருப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார்.

மாற்றவே கூடாத கட்டமும் ஒன்று உண்டு. எங்கள் பக்கம் காப்புக் கட்டிவிட்டால் பங்காளி வீட்டுச் சாவுகூடக் கல்யாணத்தை நிறுத்தாது, தீட்டு ஒட்டாது என்பார்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது. காய்கறி வந்து இறங்கி, உறவு ஜனம் பஸ் ஏறிய பிறகு நிறுத்தினால் எத்தனை வீடு அல்லாடும் என்று பார்த்தவர்கள் போட்ட ஏற்பாடாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்காக இழவுச் சேதியை மறைத்துவைத்துத் தாலி கட்டவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செத்தவரின் தங்கை பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தையும் நிஜமாகச் சொல். பெண் வீட்டில் பணம் புரளவில்லை என்பதை ‘பெண்ணுக்கு உடம்பு சரியில்லை’ என்று மாற்றிச் சொன்னால், அதற்குள் நாலு பேர் அவளுக்கு நோய் கட்டிவிடுவார்கள். விவரம் வேண்டாம் என்றால் ‘வீட்டுச் சூழ்நிலை’ என்றால் போதும்.

வாட்ஸாப்பில் ஒரு அறிக்கை போட்டு முடிந்தது என்று நினைக்காதே. டெல்லி, மும்பையிலிருந்து வருகிறவர்கள் ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்திருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகப் போன். ஸ்மார்ட் போன் இல்லாத கிழங்களுக்கு அந்தந்த ஊரில் ஒரு ஆளைப் பிடித்து நேரில் சொல்லச் சொல். இத்தனைக்கும் பிறகு யாராவது ஒருத்தர் பழைய தேதியில் மொய்க் கவரோடு வந்து நிற்பார். அதனால் அன்று காலை மண்டப வாசலில் வீட்டு ஆள் ஒருவரை உட்கார வை. பெஞ்சு, தண்ணீர், பக்கத்து ஓட்டலில் டிபன், திரும்பிப் போக பஸ் காசு. வாட்ச்மேனிடம் இதை ஒப்படைக்கக் கூடாது. உன் தம்பியோ சித்தப்பாவோ இருக்க வேண்டும்.