நான்கு மணி நேரமும் எட்டு மணி நேர அட்டவணையும்



இந்த வாரத் தியானத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் சபைப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் கொண்டு எழுதுகிறேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதன்பின் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத் தேர்வு. இக்காலத்தில் பல வீட்டுச் சுவர்களில் ஓர் அட்டவணை ஒட்டப்படுகிறது. அதிகாலை 4 மணிக்கு எழுதல், இரவு 11 மணி வரை படித்தல் என்று வண்ண மையில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் அது கைவிடப்படும். அதன்பின் பிள்ளை தன்னைச் சோம்பேறி என்று எண்ணத் தொடங்குகிறது. பெற்றோரும் அப்படியே அழைக்கத் தொடங்குகிறார்கள்.

சற்று கணக்குப் பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து பேருந்தில் சென்று வரும் பிள்ளைக்குப் பள்ளியும் பயணமுமாக 10 மணி நேரம் போய்விடும். உறக்கத்திற்கு 7 மணி நேரம். குளித்தல், உண்ணுதல், வீட்டு வேலை ஆகியவற்றிற்கு 3 மணி நேரம். மீதி 4 மணி நேரமே. சுவரில் இருக்கும் அட்டவணையோ 8 மணி நேரம் கேட்கிறது. அதை நிறைவேற்ற இயலாத பிள்ளையைச் சோம்பேறி என்பது நியாயமாகுமா?

ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு பார்வோனின் சொப்பனத்திற்கு அர்த்தம் சொன்னதோடு நிறுத்தவில்லை. பரிபூரணமான ஏழு வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும் திட்டத்தையும் கொடுத்தான். ஐந்தில் ஒரு பங்கு என்பது நிலம் தரக்கூடிய அளவு. அதை வருஷந்தோறும் சேர்த்தார்கள். ஏழாம் வருஷத்தின் கடைசி மாதத்தில் அனைத்தையும் சேர்க்கலாம் என்று காத்திருந்தால் எகிப்து பிழைத்திராது. தேவன்மேல் வைத்த விசுவாசம் அவனைக் கணக்குப் போடவும் வைத்தது.

வாலிபப் பிள்ளைகளே, அந்த 4 மணி நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? பள்ளியிலிருந்து வந்து இளைப்பாறியபின், முதல் அரை மணி நேரம் அன்று நடத்திய பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். அடுத்த ஒன்றரை மணி நேரம் கடினமான ஒரே பாடத்திற்கு. ஒரு மணி நேரம் மற்றொரு பாடத்திற்கு. மீதி ஒரு மணி நேரத்தைக் காலையில் வைத்து, சென்ற வாரம் படித்ததை மறுபடியும் நினைவுகூருங்கள். சனிக்கிழமையில் ஒரு பாடத்தின் பழைய வினாத்தாளை எடுத்து 3 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். வாரத்தில் ஒரு வேளையை வெறுமையாக விடுங்கள். காய்ச்சலோ விருந்தாளியோ வந்து தவறிய பாடம் அங்கே இடம்பெறும்.

புத்தகத்தை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் அதில் ஏறக்குறைய 42 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வாசித்து, பின்பு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஏறக்குறைய 56 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள்.

வினாத்தாளின் அமைப்பையும் அறிந்து திட்டமிடுங்கள். இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் பகுதி 12, மூன்று மதிப்பெண் பகுதி 18, நெடுவினாக்கள் 25. பெரிய விடைகளை மட்டும் மனப்பாடம் செய்பவர் மீதி 45 மதிப்பெண்ணைப் பாராமல் விடுகிறார்.

உறக்கத்தைக் குறைத்து நேரம் சேர்க்க வேண்டாம். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்து, சாகவும் விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. உணவு கொடுத்தான்; மறுபடியும் உறங்க விட்டான்; இரண்டாந்தரமும் எழுப்பி உணவு கொடுத்தான். நாற்பது நாள் பிரயாணம் அதன் பிறகுதான் தொடங்கியது. படித்தது மனதில் நிலைப்பதும் உறக்கத்தில்தான் என்று இன்றைய ஆய்வாளரும் சொல்லுகிறார்கள்.

பெற்றோரே, இனி உங்களோடு பேசுகிறேன். பிள்ளையின் அட்டவணை வீட்டாரின் கையில் பாதி இருக்கிறது. நம் மாவட்டத்தில் புளி உலுக்கும் பருவம் தேர்வுக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. மாலையில் குடும்பமாக உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்தால்தான் கையில் பணம் வரும் என்பதை அறிவேன். பிள்ளை உதவி செய்யட்டும். ஆனால் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதை முன்னதாகவே அட்டவணையில் எழுதிவிடுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அழைக்காதிருங்கள். ஒரே அறையுள்ள வீட்டில் அந்த இரண்டு மூன்று மணி நேரம் தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். மகனுக்கு அமைதியும் மகளுக்கு அடுப்படியும் என்று பிரிக்க வேண்டாம். இருவரும் எழுதுவது ஒரே தேர்வுதான்.

சபைக்கும் இதில் பங்குண்டு. பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூடுகை, இரவு ஜெபம் என்று பிள்ளைகளின் மாலை நேரத்தை நாமும் கேட்கிறோம். ஜனவரி முதல் தேர்வு முடியும் வரை பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் எதிர்பார்ப்போம். வீட்டில் இடமில்லாதவர்களுக்காக ஞாயிறு பள்ளி அறையை மாலை 6 முதல் 9 மணி வரை திறந்து வைப்போம். துணைக்கு இருவராக மூத்தோர் முறைவைத்து அமரட்டும். பெண் பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விடட்டும்.

இன்று இரவே பிள்ளையோடு உட்காருங்கள். பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டு, உள்ளபடி இருக்கும் மணிநேரங்களை எண்ணி, புதியதை இருவருமாக எழுதுங்கள். எழுதி முடித்தபின் அதன்மேல் கைவைத்து ஜெபியுங்கள். மதிப்பெண் எதுவாயினும் நீ எங்கள் பிள்ளை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முடிவு வெளியாகும் நாள் வரை அதற்காக அவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளின் உழைப்பையும் உறக்கத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.