பீக் மறைந்தால் போதாது

நீரில் கலந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வெயிலில் சிதைக்கும் ஒளிவினையூக்கி வேலையில் இருட்டுக்குத்தான் முதல் மரியாதை. வினையூக்கித் தூளை மருந்து கலந்த நீரில் போட்டு, வெளிச்சம் படாமல் அரை மணி நேரமாவது கலக்க வேண்டும். அதற்குள் மருந்தில் ஒரு பங்கு தூளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டி முடித்தபின் வெயிலில் குறைவதுதான் வினையூக்கியின் கணக்கு. இந்தப் பொறுமை இப்போது குறைந்துவிட்டது. ஒட்டியதும் சிதைந்ததும் ஒரே சதவீதத்தில் சேர்ந்துவிடுகின்றன. வெயிலின் பங்கும் இப்படியே கலந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் தரும் ஊர்களில் மாட்டுக்கு மடிநோய் வந்தால் போடுகிற டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் பெரும்பகுதி சிதையாமல் சாணியிலும் மூத்திரத்திலும் வெளியேறும். அந்த மருந்து வெயிலில் தானாகவும் சிதையக்கூடியது. தூள் போடாத பீக்கர் ஒன்றைப் பக்கத்தில் வைக்காதவர், சூரியன் செய்த வேலையைத் தன் தூளின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

சிப்ரோஃபிளாக்சசின் என்ற மருந்து இதைவிடப் பிடிவாதம். நீரில் மருந்து எவ்வளவு என்று காட்டும் எச்பிஎல்சி வரைபடத்தில் அதன் பீக் மறைந்ததும் 'நீக்கப்பட்டது' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒளிபட்ட தூள் உண்டாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பெரும்பாலும் முதலில் உடைப்பது மருந்து மூலக்கூறின் பைப்பரசின் வளையத்தை. கிருமியைத் தாக்கும் குயினோலோன் நடுப்பகுதி அப்போதும் முழுசாக நிற்கலாம். பெயர் மாறியிருக்கிறது, வீரியம் போகவில்லை. அகர் தட்டில் ஈ.கோலையைப் பரப்பி, சுத்திகரித்த நீரில் நனைத்த காகித வட்டை வைத்துப் பாருங்கள். மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிந்தால் மருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. 2007இல் ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக ஆய்வு வெளியானது. அப்படிப்பட்ட நீருக்குப் பாதி உடைத்த மருந்து தீர்வாகாது.

'கல்லூரி ஆய்வகத்தில் பெரிய கருவிகள் இல்லை, முதல் படி வாலைவடிநீரில்தான்' என்பார்கள். முதல் படி சரி; பலர் அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை. கிணற்று நீரின் பைகார்பனேட்டும் குளத்து நீரின் மட்கும் ரேடிக்கல்களை விழுங்கிவிடும். தூளைப் பிரிக்கச் சிரமம் என்று ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் அதைப் பூசலாம் என்று தோன்றும். ஆனால் தூளாகப் போடுகிற டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் பருத்தியையும் சேர்த்தே அரிக்கும். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளிபட்டு நீர் பிளப்பதைக் காட்டியதிலிருந்து இத்துறை வெகுதூரம் வந்திருக்கிறது. வெயிலில் ஏறக்குறைய 5 சதவீதமே புற ஊதா என்பதால், நீல ஒளியையும் பிடிக்கிற கார்பன் நைட்ரைடு வரை கண்டுவிட்டோம். இவ்வளவு செய்தவர்களுக்கு அகர் தட்டு பெரிய செலவல்ல. இந்தப் பக்கத்து மாணவர்களே, அடுத்த சோதனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தில் ஒரு கேன் நீர் எடுத்து வாருங்கள். ஆய்வேட்டில் அந்தத் தட்டின் படத்தையும் சேருங்கள்.