விதியென்றோம், வயதென்றோம்!

“கண் மங்குகிறதா? வயது எழுபதைத் தாண்டிவிட்டதே, மங்காமல் என்ன செய்யும்!”

இப்படிச் சொன்னவர் யார்? எழுத்தறியா ஏழையா? ஏட்டைக் காணாத பாமரரா? அல்ல, தோழர்களே! சொன்னவன் நான். பட்டம் பெற்றவன்; பள்ளியிலே பாடம் புகட்டுபவன்; விதியை நம்பி வீணாகாதீர் என்று மேடையேறிப் பேசுபவன். கேட்டுக்கொண்டு வாய்மூடி நின்றவள், என்னை இடுப்பிலே சுமந்து வளர்த்த என் அப்பத்தா.

ஐம்பது ஆண்டு நாற்று நட்ட கைகள் அவளுடையவை. அந்தக் கைகள் ஈராண்டுகளாகச் சுவரைத் தடவித் தடவி வழி தேடின. அரிசியிலே கல் பொறுக்க விரல் நுனியையே விழியாக்கிக்கொண்டாள். குவளையிலே ஊற்றிய நீர் தரையிலே விழும், நாங்கள் நகைப்போம், அவளும் சேர்ந்து நகைப்பாள். அந்த நகைப்புக்குள்ளே ஒளிந்திருந்த அச்சத்தை நாங்கள் காணவில்லை.

ஒருநாள் வகுப்பிலே, கரும்பலகையில் கண்ணின் படம் வரைந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விழிக்குள் இருக்கும் ஆடி வெளுத்து மங்குவதே கண்புரை. அறுவை செய்து மாற்று ஆடி பொருத்தினால் பார்வை மீளும் என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

“சார், எங்க அப்பத்தாவுக்கும் கண்ணு தெரியலே. கூட்டிட்டுப் போனா சரியாயிடுமா?”

“ஆகும்” என்றேன். சொன்ன நொடியிலே என் நா உலர்ந்தது. ஊருக்கு ஒளி காட்டிய ஆசிரியன், தன் வீட்டுக் கிழவியை இருளிலே விட்டிருந்தான்!

அந்த வாரமே, இரண்டு அப்பத்தாக்களையும் ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்குச் சென்றேன். சிறுமியின் அப்பத்தாவுக்கு இரு கண்ணிலும் புரை, நீக்கிவிடலாம் என்றனர். என் அப்பத்தாவுக்கு வலக்கண்ணிலே புரை. இடக்கண்ணிலோ கண்ணழுத்த நோய். நரம்பு பழுதுற்றுவிட்டது, இழந்த பார்வை இனித் திரும்பாது. “முன்பே வந்திருந்தால் காத்திருக்கலாமே” என்றார் மருத்துவர். அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால்கூட இத்தனை சுட்டிராது.

“ஏன் அப்பத்தா முன்பே சொல்லவில்லை?” என்றேன்.

“பஸ்ஸுக்குக் காசு வேணும். கூட வர்றவனுக்கு ஒருநாள் கூலி போயிரும். கெழவிக்கு எதுக்கு ராசா இம்புட்டுச் செலவு?”

எங்கள் தெருவிலே மாடி வீட்டுப் பெரியவர் ஒருவர், அப்பத்தாவினும் மூத்தவர். அவர் கண் சற்றே மங்கியதும் மகன் காரிலே அழைத்துப் போனார். விரைவிலேயே பெரியவர் மீண்டும் செய்தித்தாள் விரித்தார். அவருக்கு வந்தது நோய். என் அப்பத்தாவுக்கு வந்ததோ வயது! செல்வர் உடலிலே நோய் என்று பெயர் பெறுவது, ஏழையின் உடலிலே விதியென்றும் வயதென்றும் பெயர் மாறுகிறதே, இது எந்த ஊர் நீதி? மருந்துக்கு விலையில்லை என்கிறோம், மெய்தான். ஆனால், மருந்து இருக்கும் இடத்தை அடையும் வழிக்கு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கிட்டு, தன் கண்ணைத் தானே தள்ளுபடி செய்துகொண்டாள் ஒரு கிழவி.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயது கடந்தவர். 2031-இல் அது 18-ஐ எட்டும் என்பது வல்லுநர் மதிப்பீடு. ஆயுள் நீண்டது, மகிழ்ச்சி. நீண்ட ஆயுளை இருளிலே கழிக்கவா?

வழி தெரியாமலா இருக்கிறோம்? முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976-இல் மதுரையிலே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், சிற்றூர்தோறும் முகாம் சென்றது அது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்றது. தேடி வா என்பது சலுகை. தேடிச் செல்வது சமநீதி! அந்த நீதி கண்ணுக்கும், காதுக்கும், தளர்ந்த நடைக்கும், தடுமாறும் நினைவுக்கும் வரவேண்டும். துணைக்கு ஆளில்லாத மூதாட்டிக்குத் துணையும் வரவேண்டும்.

கட்டு அவிழ்த்த அன்று அப்பத்தா என்னை உற்றுப் பார்த்தாள். “எளைச்சுப் போயிட்டியே, ராசா” என்றாள். நான் தலை கவிழ்ந்தேன். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தவள், மறு கண்ணை என் அறியாமைக்கு விலையாகத் தந்தவள் அல்லவா?

உங்கள் வீட்டிலே சுவரைத் தடவி நடக்கும் கை உண்டா, தோழர்களே? இன்றே பாருங்கள். ‘வயது’ என்று சொல்லுமுன், ‘நோயோ?’ என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்விதான்.