நாலு நூல் கனத்தில் ஒரு பெட்டி

சித்திரையில் ஒரு விரலால் தள்ளினாலே திறந்த மூடி, ஐப்பசி அடைமழையில் அசைய மறுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் மரப்பெட்டி செய்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். கோடையில் கூடலூர் முதல் தேனி வரை காற்று காய்ந்து கிடக்கும். ஆனி, ஆடியில் மேற்கு மலை இடைவெளிகளில் புகுந்து வரும் காற்று தென்னந்தோப்புகளை உலுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். ஒரு பலகை இந்த மூன்றுக்கும் உடம்பைக் கொடுத்தாக வேண்டும். ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும். அறுத்து நூறு வருஷமான உத்திரக் கட்டைக்கும் இதிலிருந்து விலக்குக் கிடையாது.

கடையில் விற்கிற பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் போதும். பேத்தியின் காதுகுத்துக்குத் தாத்தா கொடுக்கும் பெட்டி, அவள் தன் பிள்ளைக்குக் காது குத்தும் நாளிலும் திறந்து மூட வேண்டும். குறைந்தது இருபத்தைந்து, முப்பது மழைக்காலம். மரம் தேர்வதில் தொடங்கித் திருகாணி முடுக்குவது வரை எல்லாம் இந்தக் கணக்கின்மேல்தான் நடக்கிறது.

அப்படி என்னதான் அதில் வைப்பார்கள்? இந்தப் பக்கத்தில் குழந்தையின் முதல் முடி குலதெய்வத்துக்குப் போய்விடும். வீட்டில் தங்குவது காய்ந்த தொப்புள்கொடியை அடைத்த தாயத்து, வெள்ளி அரைஞாண், கால் தண்டை, பால் புகட்டிய சங்கு, அப்பத்தா கையால் கட்டிவிட்ட வசம்பு வளையம், ஜாதகக் குறிப்பு. பெரும்பாலும் இவையெல்லாம் பீரோ மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். வீடு மாற்றும்போது பாதி காணாமல் போகும். ஜப்பானில் தொப்புள்கொடித் துணுக்கைக் ‘கிரி’ என்னும் லேசான மரத்தில் செய்த சிறு பெட்டியில் போட்டுத் தாயிடம் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு, மருத்துவமனைகளே கொடுக்கின்றன. 1922-இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சிறு பேழைகளின் உள்ளே ஒரு கொத்து முடி இருந்தது. பேழையில் அரசி தியேயின் பெயர். அவள் அந்த இளம் அரசனின் பாட்டி என்பதை 2010-இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. பாட்டியின் முடியைப் பேரன் தன்னோடு வைத்துக்கொண்ட கதை அது. ஏறத்தாழ 3,300 வருஷம் தாங்கியிருக்கிறது.

நம் ஊரிலும் பெட்டிக்குக் குறைவில்லை. மரத்தில் குடைந்தும் பலகை அடித்தும் செய்த அஞ்சறைப் பெட்டி, வட்டிக்கடைக்காரரின் கல்லாப்பெட்டி, குமுளி மலை ஏறினால் கேரளத்து நெட்டூர்ப் பெட்டி. நெட்டூர்ப் பெட்டியைப் பார்த்தவர்கள் அதன் பித்தளைப் பூண்களையும் வீட்டுக் கூரைபோல் எழும்பும் மூடியையும் மறக்க மாட்டார்கள். ஈட்டியிலும் பலாவிலும் செய்து, நகையும் ஓலையும் வைத்துக் காத்த பெட்டி அது. பேரப்பிள்ளைக்குச் செய்யும் பெட்டிக்கு அந்த அலங்காரம் தேவையில்லை. அதன் மூலைகளை எப்படிச் சேர்த்தார்கள் என்று புரட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும்.

எந்த மரம் என்பதில்தான் பேச்சு நீளும்.

கேட்டவுடன் எல்லோர் வாயிலும் வருவது தேக்கு. காரணம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள மரம். கரையான் லேசில் அண்டாது. மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அதற்காக மரவாடியில் புதுத் தேக்கைக் கன அடிக் கணக்கில் விலை பேச வேண்டியதில்லை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஒரு சன்னல் சட்டமோ கதவுப் பலகையோ கிடைத்தால் அதைவிட நல்ல சரக்கு இல்லை. தாத்தாவின் தகப்பனார் கட்டிய வீட்டுக் கதவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே புதைந்த ஆணி இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிடும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பக் கூடாது; அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-இல்தான்.

ஈட்டி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. விழுந்து கிடக்கும் கிளையானாலும் அங்கிருந்து எடுத்து வரக் கூடாது. பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளில் திருட்டு மரம் வேண்டாம். ரசீதோடு வாங்கிய பழைய கட்டை இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் ஈட்டியை மறந்துவிடுவதே சரி.

மறக்கக் கூடாத மரம் பூவரசு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் திரும்பிய பிறகு வாய்க்காலும் வரப்புமாக விரிந்த பள்ளத்தாக்கு இது. கரையோரப் பூவரசுக்கு இங்கே பஞ்சமில்லை. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் அதே மரத்தின் வைரம், இழைத்தால் சிவப்பும் பழுப்பும் கலந்து மின்னும். கருவிக்கு அடங்கும். பலா அடுத்தது. அறுத்தபோது மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷங்களில் தேன் நிறம் தாண்டிப் பழுப்பாகும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆன மரம் பெட்டிக்கு ஆகாமல் போகுமா? போடிமெட்டுப் பக்கம் ஏலத்துக்கும் காப்பிக்கும் நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கை அடுப்புக்கும் பெட்டிக்கடைப் பலகைக்கும் மட்டுமே என்று ஒதுக்குவார்கள். வளையத்துக்குக் குறுக்கே அறுத்தால் அதில் தெரியும் பளபளப்பான பொட்டுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வேம்பில் ரேகை முறுக்கிக்கொண்டு போகும், இழைப்புளி பிய்த்துவிடும். மாமரம் அழகு, ஆனால் எளிதில் உளுக்கும். எந்த மரமானாலும் வெளிவட்டத்து வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். பூச்சி முதலில் கை வைப்பது அதில்தான்.

இத்தனை சொன்னாலும், பிள்ளை பிறந்த வீட்டில் நின்ற மரம் ஒன்று கிடைக்குமானால் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். புயலில் சாய்ந்த கொல்லைப் பலாவோ, வீடு கட்டும்போது எடுக்க நேர்ந்த பூவரசோ அடுப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தாத்தா செய்யக்கூடிய பெரிய வேலை.

பச்சை மரத்தை அறுத்த கையோடு பெட்டி செய்ய முடியாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. பலகைகளுக்கு இடையில் சிறு குச்சிகளைக் கொடுத்து, காற்று நுழையும்படி, வெயில் நேராகப் படாத தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும். இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்ட்டோ பூச வேண்டும். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறுவதால்தான் பலகை நுனியில் வெடிக்கிறது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் ஒரு துண்டை வாரம் ஒருமுறை நிறுத்துப் பலகையிலேயே எழுதி வந்தால், எடை இறங்குவது நிற்கும் நாள் தெரிந்துவிடும். மகளுக்குச் சம்பந்தம் பேசும்போதே மரத்தை அறுத்து அடுக்கிவிடுகிற தாத்தா புத்திசாலி. வளைகாப்புக்குள் பலகை தயாராகிவிடும்.

கனம் எவ்வளவு? தச்சர் கணக்கில் ஓர் அங்குலம் எட்டு நூல். ஓர் அடி நீளம், எட்டு அங்குல அகலம், ஐந்து அங்குல உயரமுள்ள பெட்டிக்கு நாலு நூல் கனம் போதும். ஆறு நூல் வைத்தால் உறுதி என்று நினைப்பார்கள். பெட்டி முரட்டுத்தனமாகத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளையால் தூக்கவும் முடியாது. தானே தூக்கிக்கொண்டு ஓட முடிந்தால்தான் பிள்ளைக்கு அது ‘என் பெட்டி’.

இனி அசைவுக்கு வருவோம். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. எல்லாக் கூத்தும் அகலத்தில்தான். ஆண்டு வளையத்தைத் தழுவிய திசையில் சுருங்குவது, வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடக்கமான தேக்கிலேயே, எட்டு அங்குல அகலப் பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை கூடும் அல்லது குறையும். அடிப்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே போகும்? மூலையைப் பிளக்கும், அல்லது பலகையே நடுவில் வெடிக்கும். அதனால் பக்கப் பலகைகளின் உட்புறம் காடி எடுத்து, அடிப்பலகையைப் பசையில்லாமல் அதில் செருகி, மரம் விரிய இடம் விட்டுவிடுவார்கள். மூடியும் அப்படியே: வீட்டுக் கதவில் உள்ளதுபோல் சுற்றிலும் சட்டம், நடுவில் சும்மா நிற்கும் பலகை. பெயின்ட்டோ பாலிஷோ ஈரம் நுழைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மரத்தைக் கட்டிப்போட முயன்ற பெட்டிகளைத்தான் பரணில் பிளந்த நிலையில் பார்க்கிறோம்.

மூலைகளுக்குப் புறாவால் இணைப்பு. ஒரு பலகையின் நுனியில் விரிந்த வால்கள், மறு பலகையில் அவை உட்காரும் பள்ளங்கள்; கோத்தபின் ஒரு திசையில் இழுத்தால் பிரியவே பிரியாது. கெட்டி மரத்துக்கு வாலின் சாய்வு எட்டுக்கு ஒன்று. கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீற வேண்டும். உளி வந்து உட்கார அந்தக் கீறலே தடம். வாளைக் கோட்டின்மேல் ஓட்டாமல், கழிவுப் பக்கத்தில் கோட்டை ஒட்டி இறக்க வேண்டும். பிறகு உளி. புளியமர வைரத்தில் செய்த கொட்டாப்புளியால் மென்மையாகத் தட்டி, பாதி ஆழம் வரை ஒரு பக்கம், பலகையைத் திருப்பி மறு பாதி. ஒரே பக்கமாக இறங்கினால் அடுத்த முகத்தில் சிராய் பிய்ந்துகொண்டு வரும். உளியின் கூர் முன்கை முடியை வழிக்க வேண்டும். வழிக்கவில்லை என்றால் சாணைக்கல்லுக்குத் திரும்புவதே உத்தமம். மூட்டைப் பொருத்திப் பார்க்கிறேன் என்று பலமுறை செருகி எடுத்தால் தளர்ந்துவிடும். பாதி வரை ஒருமுறை இறக்கி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் சீவிவிட்டுப் பசையோடு முழுசாக இறக்குவது பழகிய கை.

பசை என்றால் இன்றைக்கு ஃபெவிகால்தான். பழைய ஆசாரிகள் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வஜ்ஜிரத்தைச் சூடாக்கிப் பூசினார்கள். நாற்றம் தாங்காது. ஆனாலும் சூடும் ஈரமும் பட்டால் அது இளகிக்கொடுக்கும். பிற்காலத்தில் பழுது பார்க்க வேண்டி வந்தால் மூட்டை உடைக்காமல் பிரிக்கலாம். பழைய வீணைகள் இன்றும் பிரித்துச் சரிசெய்யப்படுவதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

முதல் பெட்டி செய்கிறவர் கீலை விட்டுவிட்டுத் தள்ளு மூடி வைப்பது நல்லது. பழைய மர அஞ்சறைப் பெட்டிகள் பலவற்றில் மூடி காடியில் வழுக்கி ஓடும், அதே ஏற்பாடுதான். கோடையில் செய்தால் அகலத்தில் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தாராளமாக விட வேண்டும். மழையில் செய்தால் அத்தனை வேண்டாம். கீல்தான் வேண்டும் என்றால் பித்தளை. இரும்பு, துவர்ப்புள்ள மரத்தில் ஈரத்தோடு சேர்ந்து கறுப்புக் கறையாக இறங்கும். பித்தளைத் திருகாணி மெத்தென்றது, முடுக்கும்போது தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியில் மெழுகு தடவி முதலில் முடுக்கிப் புரி ஏற்படுத்தி, கழற்றி, அப்புறம் பித்தளையைப் போட்டால் வெண்ணெயாக இறங்கும். மூடி பின்னால் சாய்ந்துவிடாமல் ஒரு சிறு சங்கிலி, விரல் நசுங்காமல் முன்விளிம்பில் ஒரு சிறு குழிவு. பூட்டு வேண்டாம், சாவி முதலில் தொலையும்; நாதாங்கி போதும்.

பூச்சுக்கு அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்ல மெல்ல ஏற்றுவதே குழந்தைப் பெட்டிக்குத் தோதானது. அரக்கை மாத்திரைகளின் மேல் பூச்சாகவே பயன்படுத்துகிறார்கள். பிள்ளை விளிம்பைக் கடித்தாலும் பயமில்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்க்கலாம். ஆளிவிதை எண்ணெய் பெட்டிக்கு வெளியே சரி, உள்ளே கூடாது. மூடிய இடத்தில் அதன் வாடை வருஷக் கணக்கில் போகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப் போட வேண்டும்.

உள்ளே வெல்வெட் ஒட்டுவது பலருக்கு ஆசை. ஆனால் அதற்கு அடியில் மெத்தையாக வைக்கும் கம்பளித் துணியிலும் ரப்பர் நுரையிலும் கந்தகம் உண்டு. வெள்ளித் தண்டை ஒரே வருஷத்தில் கறுத்துவிடும். துவைத்த பருத்திப் புடவைத் துண்டில், முடிந்தால் பிள்ளை படுத்த தூளியிலேயே ஒரு கிழிப்பில், சுற்றி வைப்பது மேல். பூச்சிக்கு ஒரு வசம்புத் துண்டு. ஓலைச்சுவடி காத்தவர்களுக்கும் பிள்ளை வளர்த்தவர்களுக்கும் பொதுவான மருந்து அது.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில், பேரை லேசரில் பொறித்த பெட்டிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. எழுத்து அச்சுப் போட்டதுபோல் இருக்கும். ஒருமுறை நனைந்தால் ஓரம் உப்பி உதிரும். உதிர்ந்ததை ஒட்டவும் முடியாது. உளியால் செதுக்கிய பெயர் சற்றே கோணலாக இருந்தாலும் கையெழுத்து யாருடையது என்று சொல்லும். விவரங்களை மூட்டும் முன்பே அடிப்பலகையின் கீழ்ப்புறம் பென்சிலால் எழுதிவிடலாம், மை மங்கும், கரி மங்காது. எந்த மரம், எந்தக் கொல்லையில் நின்றது, எந்த வருஷம் அறுத்தது, யார் செய்தது.

கொடுக்கும்போது அதே பலகையில் மிஞ்சிய ஒரு விரல் அகலத் துண்டையும், உபரியாக ஒரு ஜோடிக் கீலையும் நாலைந்து பித்தளைத் திருகாணிகளையும் துணியில் முடிந்து பெட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். முப்பது வருஷம் கழித்து அதே அளவுக் கீல் தேனிக் கடைகளில் கிடைக்காது. அன்றைக்குப் பழுது பார்க்க வரும் தச்சர், நிறம் ஒத்த துண்டுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்காது.