உடுக்கைக்கு மேலே ஓர் அம்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்
திருவனந்தபுரம்

புதிய பயிற்சி அணி வந்துவிட்டது. எல்லாரும் டிப்ளமோ முடித்தவர்கள். பாதிப் பேர் ஆற்றிங்கல், நெடுமங்காடு பக்கம். மீதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள், மார்த்தாண்டம், தக்கலை. ஏ1 தாளை மேஜையில் விரித்ததும் எல்லார் கண்ணும் நடுவிலிருந்த பெரிய ரியாக்டரில் போய் நின்றது. குறியீடுகளின் பொருளைச் சொல்கிற லெஜண்ட் தாள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் இருபது வருஷம் கழித்தவர்களும் கேட்பதில்லை.

ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் காட்டுகிற இந்த பி அண்ட் ஐடி வரைபடத்தில் தூரம் கிடையாது, உயரம் கிடையாது. தாளில் ஒட்டி நிற்கிற இரண்டு பம்புகள் ஆலையில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கலாம். எந்தக் குழாய் எதில் போய்ச் சேருகிறது, எந்தக் கருவி எந்த வால்வை ஆட்டுகிறது என்பதைத்தான் அது சொல்லும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார்த்தாண்டத்துப் பையன் குறுக்கே வந்தான்: “சார், இந்த வால்வு உடுக்கைல்லா!”

உண்மைதான். இரண்டு முக்கோணங்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லையென்றால் கேட் வால்வு, கருப்புப் பொட்டு இருந்தால் குளோப், வெறும் வட்டம் இருந்தால் பால் வால்வு. முழுவதும் கருப்படித்திருந்தால் வழக்கமாக மூடியே இருப்பது. உடுக்கை என்ற பெயர் சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்க ஒட்டிக்கொண்டது. மலையாளப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று எழுத்துகளும் வட்டங்களும். முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பது: எஃப் என்றால் ஓட்டம், எல் மட்டம், பி அழுத்தம், டி வெப்பம். பின்னால் வருவது அந்தக் கருவி செய்கிற வேலை: ஐ காட்டும், சி கட்டுப்படுத்தும், டி செய்தி அனுப்பும். எஃப்ஐசி-101 என்றால் 101-ஆம் லூப்பில் ஓட்டத்தைக் காட்டிக் கட்டுப்படுத்துகிற கருவி. டிடி என்று பார்த்ததும் ஒரு பையன் விழித்தான். முதல் டி வெப்பம், இரண்டாவது டி அனுப்புவது. இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது.

வட்டத்தின் நடுவே கோடு இல்லையென்றால் கருவி ஆலைக்குள், குழாயின் மேலேயே இருக்கிறது. முழுக்கோடு இருந்தால் கண்ட்ரோல் ரூமில், ஆபரேட்டரின் கண் முன்னே. விட்டு விட்டு வரைந்த கோடு என்றால் பேனலுக்குப் பின்னால், அன்றாடம் கை எட்டாத இடத்தில். ஆற்றிங்கல் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “அப்போ மழையில நனையணுமா வேண்டாமான்னு இந்தக் கோடு பறையும், இல்லே சாரே?” நான் சொன்ன விளக்கத்தைவிட இது நன்றாக இருந்தது. வெளியே காலையிலிருந்து மழை.

லெஜண்ட் தாளுக்காக நான் ஏன் சண்டை போடுகிறேன் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். அமெரிக்காவின் ஐஎஸ்ஏ அமைப்பு இந்தக் குறியீடுகளை முதலில் 1949-ல் ஒழுங்குபடுத்தியது. அதன் 1984 பதிப்பில் சதுரத்துக்குள் வைரம் வரைந்தால் பிஎல்சி, அதாவது நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி, என்று பொருள். 2009 பதிப்பில் அதே வைரம் பாதுகாப்பு அமைப்புக்கும் போய்விட்டது, அதாவது ஆபத்து வந்தால் ஆலையையே நிறுத்துகிற கருவிக்கு. பழைய தாளும் புதிய தாளும் ஒரே அலமாரியில் இருக்கிற ஆலைகள் நம் நாட்டில் எத்தனையோ. நமக்கென்று ஐஎஸ் 3232 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. நான் பார்த்த ஆலைகளில் ஐஎஸ்ஏதான் புழங்குகிறது. வைரத்தைப் பார்த்தால் தாளின் வருஷத்தையும் பார் என்று பலகையில் எழுதிப் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தாளையும் குழாயையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கிற லைன் வாக்குக்காக ஓர் ஆலைக்கு அழைத்துப் போனேன். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். கடல் பக்கம், உப்புக்காற்றில் பெயிண்ட் நிற்பதில்லை. ஐஎஸ் 2379 சொல்கிறபடி அமிலக் குழாய்க்குக் கருஊதாவும் தண்ணீர்க் குழாய்க்குக் கடல் பச்சையும் அடிக்க வேண்டும். அடித்தும் இருந்தார்கள் போல. இன்று இரண்டுமே துரு நிறம்.

காஸ்டிக் கலக்கும் லைனில் ஒரு கண்ட்ரோல் வால்வு. தாளில் உடுக்கைக்கு மேலே குடை மாதிரி டயாஃப்ரம், தண்டில் கீழ்நோக்கிய அம்பு, பக்கத்தில் எஃப்சி. வால்வை ஆட்டுகிற காற்று நின்றால் அது மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். சரியான தீர்மானம்தான், ஏதோ கோளாறாகி ஆலை தடுமாறும்போது காஸ்டிக் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

லைனை ஐசோலேட் செய்து பெர்மிட் வாங்கிய பிறகு, ஏர் ஃபில்டர் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கிற சின்னக் கை வால்வை மூடச் சொன்னேன். தக்கலைப் பையன் மண்டியிட்டுத் தண்டின் பக்கத்து அளவுப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புஸ் என்று காற்று இறங்கியது. முள் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் ஸ்பிரிங் மெதுவாகத் தள்ள, முள் 40, 60, 80 என்று நகர்ந்து நூறில் நின்றது. வால்வு முழுக்கத் திறந்துவிட்டது.

“சார், இது தலைகீழால்லா போகுது?”

எந்த ஷட்டவுனிலோ வால்வை ஆட்டுகிற ஆக்சுவேட்டரை மாற்றியிருக்கிறார்கள். ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளுகிற ரகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ட்ரோலர் சிக்னலைத் திருப்பி வைத்துச் சமாளித்துவிட்டார்கள், அதனால் தினசரி ஓட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. காற்று நிற்கிற நாளில்தான் தெரியும்.

“மக்களே, இதை சிவப்பு மையில் எழுது” என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்றைய வால்வைப் பற்றி வகுப்பில் வாக்குவாதம். எல்லா வால்வையும் மூடுகிற மாதிரியே வைத்துவிட்டால் பாதுகாப்புதானே என்றான் ஒருவன். இல்லை. குளிர்நீர் வால்வு மூடினால் ரியாக்டர் கொதிக்கும். அது திறந்துதான் நிற்க வேண்டும். சில வால்வுகள் இருந்த இடத்திலேயே நிற்பது நல்லது. எந்தப் பக்கம் பாதுகாப்பு என்பதை அந்தந்த லைனில் என்ன ஓடுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கதையைச் சொன்னேன். 2011 மார்ச் 11. முதலாம் உலையில் ஐசோலேஷன் கண்டென்சர் என்று ஒன்று இருந்தது. பம்பே தேவையில்லை, நீராவி மேலே போய்க் குளிர்ந்து தண்ணீராகத் தானே கீழிறங்கும். சுனாமித் தண்ணீரில் பேட்டரிகள் மூழ்கின. நேர்மின்சாரம் போனதும், குழாய் உடைந்தால் கண்டுபிடிக்க வைத்திருந்த சர்க்யூட் அதைக் குழாய் உடைந்ததாகவே எடுத்துக்கொண்டு வால்வுகளுக்கு மூடும் கட்டளை கொடுத்தது. குழாய் உடையும் என்ற ஒரு பயத்துக்கு அது சரியான வடிவமைப்பு. அன்று வந்த ஆபத்து வேறு.

வகுப்பு அமைதியாகிவிட்டது. டீ குடிக்க அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோற்று இன்றோடு நான்கு வருஷம். நெடுமங்காட்டுப் பிள்ளைகளுக்கு வலியமலை பக்கத்து ஊர். திரவ உந்து அமைப்பு மையத்தின் வாசலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதனால் இன்று ரிலீஃப் வால்வை எடுத்துக்கொண்டேன்.

2021 ஆகஸ்ட் 12 விடியற்காலை, இஓஎஸ்-03 செயற்கைக்கோளுடன் ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு கட்டமும் ஒழுங்காக எரிந்தன. மேல்கட்டத்துக் கிரையோஜெனிக் எஞ்சின் மட்டும் பற்றவில்லை. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கிற சமாச்சாரம். டேங்கில் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். அழுத்தம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதற்குத்தான் வென்ட் அண்ட் ரிலீஃப் வால்வு. அதன் மென்மையான சீல் சேதமாகி, பறக்கும்போது கசிந்தது. பற்றவைக்கிற நேரத்தில் டேங்கில் போதிய அழுத்தம் இல்லை. ஆய்வுக் குழு சொன்ன காரணம் இதுதான்.

பொது வரைபடத்தில் ரிலீஃப் வால்வு என்றால் செங்கோணமாக மடிந்த உடுக்கை, தலையில் ஸ்பிரிங். சீல் நன்றாக இருந்தாலும் கிழிந்திருந்தாலும் அதே படம்தான்.

“அப்போ வரைபடத்தால என்ன பிரயோஜனம் சார்?”

நல்ல கேள்வி. ஒரு டேங்கில் அழுத்தம் குறைந்தால், அதிலிருந்து வாயு தப்பிக்க எத்தனை வழி என்று விரல் வைத்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு வரைபடத்தைவிட்டால் வேறு வழி இல்லை. ஒவ்வொரு வழியாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வால்வில் போய் நிற்போம். அதற்கப்புறம் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அடுத்த ஜிஎஸ்எல்வியான எஃப்12, 2023 மே 29-ல் என்விஎஸ்-01-ஐச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சிவப்பு மைத் தாள்களை ஆலைக்காரர்களிடம் கொடுத்தோம். பொறுப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காஸ்டிக் வால்வுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். ஆக்சுவேட்டருக்கு இன்றே இண்டெண்ட் போடுவதாகச் சொன்னார். அதுவரை அந்த லைனைக் கை வால்வால் மூடி வைக்க ஒப்புக்கொண்டார். பரவாயில்லை.

மத்தியானம் ஃபிளிக்ஸ்பரோ விபத்தைச் சொல்லிப் பயிற்சியை முடித்தேன். இங்கிலாந்து, 1974 ஜூன் 1. வரிசையாக நின்ற ஆறு ரியாக்டர்களில் ஐந்தாவது விரிசல் விட்டது என்று அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. குழாய் பிய்த்துக்கொண்டு சைக்ளோஹெக்சேன் வெளியேறி வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட குழாய் எதுவும் தாளில் ஏறுவதில்லை. நம் ஆலைகளிலும் அதே கதைதான்.

நாளை சுதந்திர தினம், விடுமுறை. திங்கட்கிழமை இவர்கள் தனித்தனி ஆலைகளுக்குப் போகிறார்கள். கையில் கொடுத்தனுப்புகிற சரிபார்ப்புத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: தாளில் அம்பு இருக்கிறது என்பதற்காக டிக் போடாதீர்கள், காற்றை நிறுத்தி, தண்டு எந்தப் பக்கம் போகிறது என்று நேரில் பார்த்த வால்வுக்கு மட்டும் டிக் போடுங்கள்.