ஜிம்போச்சோவில் ஒரு சுரைப்பூ

டோக்கியோ நகரின் கண்டாப் பகுதியில் ஜிம்போச்சோ என்று ஒரு பேட்டை இருக்கிறது. பழைய புஸ்தகக் கடைகளுக்குப் பேர் போன இடம். அங்கே யாஸுகுனி வீதியில் நடந்தபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தோம். கடைகளில் பெரும்பாலானவை தெற்குச் சிறகிலேயே நெருங்கி, வடக்குப் பார்த்து நிற்கின்றன. வாஸ்து சாஸ்திரமோ என்று எண்ணினோம். காரணம் அதுவல்ல. வடக்குப் பார்த்த கடையில் வெயில் புகாது, காகிதம் கெடாது!

நாம் தேடிச் சென்றது புஸ்தகமன்று; மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஒரு சித்திரம். அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பதினோராம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அரண்மனைச் சேவையிலிருந்த முராஸாகி ஷிகிபு என்னும் மாதரசி எழுதிய 'கெஞ்ஜி கதை' 54 அத்தியாயங்கள் கொண்டது. நாலாவது அத்தியாயத்தில் கெஞ்ஜி ஓர் எளிய வீட்டு வேலியில் வெள்ளைப் பூ ஒன்றைக் கண்டு பறித்துவரச் சொல்கிறான். உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்து, பூவை ஏந்திச் செல்ல விசிறி ஒன்றை நீட்டுகிறாள். அந்த வீட்டில் ஒளிந்து வாழ்ந்த பெண்ணுக்கும் பூவின் பெயரே நிலைத்துவிட்டது: யூகாவோ, அதாவது 'மாலை முகம்'. பிறகு ஒரு நாள் பாழடைந்த மாளிகையில், பொறாமை கொண்ட ஆவி ஒன்றினால், ஒரே இரவில் அவள் மாண்டு போகிறாள்.

ஆங்கிலத்தில் அந்தப் பூவை நிலாப்பூ என்று மொழிபெயர்ப்பதுண்டு. உண்மையில் அது நம் கூரைமேல் படரும் சுரையேதான்!

யோஷிடோஷி என்னும் சித்திரக்காரர் 1885 முதல் 1892 வரையில் 'சந்திரனின் நூறு கோலங்கள்' என்ற வரிசையை வெளியிட்டார். அது முடிந்த வருஷமே காலமானார். 1886-ல் வந்த யூகாவோ சித்திரத்தில் முழுநிலவு, சுரை இலை, காய். அவற்றினூடே, இருக்கிறாளா இல்லையா என்று ஐயுறும்படி வெளிறிய ஒரு பெண்ணுருவம்.

கடைக்காரப் பெரியவர் தட்டையான இழுப்பறையிலிருந்து இரண்டு பிரதிகளை எடுத்து, இரு கைகளாலும் ஓரம் பிடித்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் நாலு பக்க விளிம்பும் முழுசாக இருந்தது. தலைமயிர்க் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. கட்டை தேயுமுன் அச்சிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விலையைக் கேட்டதும் நாம் அதை மறுபடியும் பார்க்கவில்லை! மற்றொன்றில் விளிம்பை யாரோ கத்தரித்திருந்தார்கள்; பின்புறம் வேறு காகிதம் ஒட்டியிருந்தது; பூச்சி அரித்த துவாரம் ஒன்று. ஆனால் அந்த முகத்துக்கு ஒரு குறையுமில்லை.

பணத்தைக் காட்டிலும் வேறொரு தயக்கம் நம்மைத் தடுத்தது. ஒரு தேசத்தின் செல்வத்தை நாமும் கப்பலேற்ற வேண்டுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இச்சித்திரங்கள் ஏராளமாக மேல்நாடு போயின. 1920-ஐ ஒட்டிக் கப்பல் கட்டும் முதலாளி மாத்ஸுகாதா கோஜிரோ, பாரிஸ் நகை வியாபாரி வெவெரிடமிருந்து சுமார் 8,000 சித்திரங்களை மொத்தமாக வாங்கித் தாய்நாட்டில் சேர்த்தார். அவை இன்று டோக்கியோ தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. இப்படி மீட்டவர்களின் ஊரில் நின்றுகொண்டு நாம் பேரம் பேசுவதாவது!

தயக்கத்தைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். இது ஒற்றைச் சித்திரமல்ல. எழுதுபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், வெளியிடுபவர் என்று நால்வர் கூடிப் பலருக்காகச் செய்தது, நல்ல பிரதிகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன என்றார். வெயிலில் மட்டும் மாட்டாதீர்கள் என்று எச்சரித்தார். பாஸ்டனில் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-ல் தம் 6,500 சித்திரங்களைப் பொருட்காட்சிசாலைக்குக் கொடுத்தபோது, அவற்றை ஒருபோதும் சுவரில் மாட்டக்கூடாது என்றே நிபந்தனை விதித்தார்கள். அவர்கள் நிறத்தைக் காத்தார்கள். ஊராருக்குக் காட்சி போயிற்று. நமக்கு அது முழுதும் சம்மதமில்லை.

கத்தரித்த பிரதியையே வாங்கினோம். இப்போது அது நம் வீட்டு இழுப்பறையில் இருக்கிறது. எப்போதாவது வெயில் தாழ்ந்த பிறகு வெளியே எடுப்போம். முதல் நாள் பார்த்த நம் அத்தைப் பாட்டி, "இந்தப் பெண் ஏன் இப்படிச் சோகை பிடித்தவள் மாதிரி இருக்கிறாள்?" என்று கேட்டாள். கதையைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கொடி நன்றாய்த்தான் படர்ந்திருக்கிறது. பறிக்கத்தான் ஆளில்லை போலிருக்கு, பாவம்" என்றாள்.